மவுஸ் வரட்டும்

ஐம்பதைத் தாண்டி, முன்தலை முடி பின்வாங்கிய பிறகும் தெருவில் எல்லோரும் அவரைச் சின்னவர் என்றுதான் அழைத்தார்கள். கல்லில் எழுத்து வெட்டித் தரும் அந்தக் கடைக்கு இரண்டு முதலாளிகள். அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். பெரியவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. காலியான பதவிக்குச் சின்னவரை உயர்த்தலாமா என்பது தெருவுக்கு விளங்கவில்லை. அவரும் விண்ணப்பம் போடவில்லை.

கடை நீளமான ஒற்றை அறை. நடுவில் ஒரு மேசை. அதன்மேல் பதித்த கருங்கல்லில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அந்தப் பக்கம் கம்ப்யூட்டரும் சின்னவரின் நாற்காலியும். இந்தப் பக்கம் வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்டூல். நாற்காலிக்குப் பின்னால் பலகைத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் மெஷின். கம்ப்யூட்டரில் எழுத்தை வரிசைப்படுத்திக் கொடுத்தால் மெஷினின் ஊசி இறங்கிக் கல்லில் அதை அப்படியே வெட்டும். வீட்டுப் பெயர், திறப்பு விழாக் கல், கல்லறைக் கல் எல்லாம் வரும். திறப்பு விழாக் கல்தான் பெரிய தலைவலி. திறப்பவர் பெயர் பெரிதா, தலைமை தாங்குபவர் பெயர் பெரிதா என்று ஒரு பஸ் நிழற்குடைக்கு ஊரே இரண்டாகும். கல்லறைக் கல்லில் அந்தத் தொல்லை கிடையாது. எழுத்தின் அளவு விஷயத்தில் செத்தவர்கள் தங்கமானவர்கள்.

ஆனால் அவர்களுக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே. ஒருமுறை ஒரு குடும்பம் அப்பாவின் பிறந்த வருடத்தைத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு, கல் வெட்டி முடிந்ததும் வந்து கடையையே தலைகீழாக்கியது. பெரியவர் வாயை மூடிக்கொண்டு புதுக் கல் வெட்டிக் கொடுத்தார். மறுநாள் ஒரு சட்டம் போட்டார். கடைசிக் க்ளிக் வாடிக்கையாளருடையது.

அதாவது, எழுத்தெல்லாம் தயாரானதும் திரையை ஸ்டூல் பக்கம் திருப்புவார். நீளமான வயரோடு மவுஸை மேசைக்குக் குறுக்கே தள்ளுவார். "அவசரமே இல்ல. எழுத்து எழுத்தா படிங்க. சரின்னு பட்டா நீங்களே அழுத்துங்க. அழுத்தினப்புறம் எங்க மேல பழி போடக் கூடாது."

தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட சட்டம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் ஜனங்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் கல் மாதிரி நின்றவர்கள் அந்த மவுஸைப் பிடித்ததும் உடைந்தார்கள். அழுத்திவிட்டு எழுந்தவர்கள் நிம்மதியாகப் போனார்கள். 'அந்தக் கடையில நம்ம கையாலயே ஆரம்பிக்க விடறாங்க' என்று பேச்சு பரவி, பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெரியவர் இதையெல்லாம் ஆரம்பத்திலேயே திட்டமிட்டவர் போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

இதில் சின்னவருக்கு ஒரு விஷயம் வேடிக்கையாக இருக்கும். அழுத்தியதும், தடுப்புக்குப் பின்னால் ஊசி இறங்கும் சத்தம் கேட்டதும், அத்தனை பேரும் தவறாமல் ஒன்றே கேட்பார்கள்: "இப்ப நான் என்ன பண்ணணும்?" வெட்டுவது மெஷின், கல் அதன்பாட்டுக்குக் கிடக்கிறது, இவர் என்ன பண்ண? சின்னவர் சிரிப்பை மறைக்கத் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவார். பெரியவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவர் போல, "ஒண்ணும் பண்ண வேண்டாம். உக்காருங்க. டீ சொல்றேன்" என்பார்.

அந்தப் பெரியவருக்குத்தான் இப்போது கல் வெட்ட வேண்டும்.

கல்லைத் தேர்ந்தெடுத்தது அண்ணி. தபால் ஆபீஸ் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே ரிட்டயர் ஆனவர். கல் குடோனிலும் அந்தத் தோரணைதான். மூன்றைப் பார்த்தார், ஒன்றைக் காட்டினார், அடுத்த வேலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அந்தக் கல் தடுப்புக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கோபித்துக்கொண்ட ஆள் மாதிரி நின்றது. எழுத்து கம்ப்யூட்டரில் தயார். ஒரு பெயர், இரண்டு தேதி. சின்னவர் தினமும் அதைத் திறப்பார், ஓர் எழுத்தை மயிரிழை இடப்பக்கம் நகர்த்துவார். மறுநாள் திறப்பார், அதே எழுத்தை மயிரிழை வலப்பக்கம் நகர்த்துவார். வேலை நடந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில் பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் புஸ்ஸென்று புகைவிட்டு உயிரை விட்டது. சின்னவர் வருத்தப்பட்டார் என்று சொன்னால் அது முழுப் பொய். அண்ணனின் கல்லுக்கான எழுத்து மட்டும் பென் டிரைவில் பத்திரமாக இருந்து தொலைத்தது. எழுத்தும் போய்விட்டது என்று சொல்லும் சாக்குக்கு வழியில்லாமல் போய்விட்டது.

அன்று சாயங்காலமே அண்ணி போன் செய்தார். "தம்பி, மாசக் கடைசியில நான் பையன்கிட்ட போறேன். அங்கேயே இருக்கற மாதிரிதான். அதுக்குள்ள கல்லை வெச்சுடலாம்ல? பாத்துட்டுப் போகணும்."

"கட்டாயம் அண்ணி. கம்ப்யூட்டர் போயிடுச்சு. புதுசு வந்த உடனே முதல் வேலை அதுதான்."

புதுசு மறுநாளே வந்துவிட்டது. கொண்டுவந்தவன் மைத்துனன், சின்னவர் மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் விஷயத்தில் அவனுக்குத் தெரியாதது இல்லை என்பது அவனுடைய அபிப்பிராயம். தான் கொஞ்ச காலம் வைத்திருந்த லேப்டாப் ஒன்றை உறையிலிருந்து இரண்டு விரலால் உருவி மேசைமேல் வைத்தான்.

"தூக்கிப் பாருங்க மாமா. சந்தையில இதைவிட மெலிசு கிடையாது."

"கல்லுக் கடைக்கு மெலிசு எதுக்குடா மாப்ளே?" சின்னவர் அதைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். "ஓட்டை எங்க?"

"போர்ட்டா? அதோ, ரெண்டு இருக்கே."

இடப்பக்க ஓரத்தில் அரிசி மணி அளவில், நீள்வட்டமாக, இரண்டே இரண்டு. ஒன்றில் சார்ஜர் இருந்தாக வேண்டும். லேப்டாப்பின் பேட்டரி வயதானது, பாதிக் கல்லில் மயக்கம் போட்டால் பாதிப் பெயரோடு நிற்கும். மற்றொன்று மெஷினுக்கு. மவுஸுக்கு?

"விரலாலேயே தடவலாமே மாமா. உலகமே அப்படித்தான் தடவிக்கிட்டு இருக்கு."

தடவிப் பார்த்தார்கள். முதலில் வந்தது ஒரு பெண்மணி, கணவரின் கல்லுக்காக. படித்தார், கண்ணைத் துடைத்தார், கீபோர்டுக்குக் கீழே இருந்த தொடுதட்டின்மேல் விரலை வைத்தார். அம்புக்குறி அசையவில்லை. மறுபடி துடைத்தார், மறுபடி வைத்தார். அழுத கண்ணைத் துடைத்த விரலை அந்தத் தட்டு விரலாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் சின்னவரே தட்டிவிட வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் எழுந்து போனார். வழக்கமாக வாசலில் திரும்பி ஒரு கும்பிடு வரும், அது வரவில்லை.

ஆக, மவுஸ் வேண்டும் என்பது உண்மையான தேவை. சின்னவர் அந்த உண்மையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அண்ணி கேட்டால், "மவுஸ் வரட்டும் அண்ணி." மனைவி கேட்டால், "மவுஸ் வரட்டும்." இதைவிட வசதியான பதில் அவருக்கு இத்தனை வயதில் கிடைத்ததில்லை.

மைத்துனன் ஒரு ஓட்டையைப் பல ஓட்டையாக்கும் குட்டி டப்பா ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் மெஷினையும் பழைய வயர் மவுஸையும் சேர்த்துச் செருகினார்கள். சின்னவர் ஒரு உடைந்த கல்லை வைத்து ஓட்டிப் பார்த்தார். 'நினைவு' என்ற சொல்லில் பாதி வரை ஊசி நல்லபடியாகப் போனது. அப்புறம் டப்பாவுக்கு என்ன தோன்றியதோ, ஒரு கணம் தொடர்பை விட்டுப் பிடித்தது. ஊசி கல்லின் ஓரத்துக்கு ஓடிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தது. உடைந்த கல்லானதால் நினைவுக்கு மட்டும்தான் சேதம்.

"சரி மாமா, வயரே வேண்டாம். வயர்லெஸ் போயிடலாம்" என்று மைத்துனன் அடுத்த நாள் ஒரு மவுஸோடு வந்தான். பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்து சுண்டு விரல் நகம் அளவில் ஒன்று கீழே விழுந்தது.

"இது என்ன?"

"ரிசீவர். இதைச் செருகினாத்தான் மவுஸ் பேசும்."

"எங்க செருகறது?"

மைத்துனன் லேப்டாப்பின் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பிறகு அடியில்கூடப் பார்த்தான். ரிசீவரின் வாயோ செவ்வகம், ஓட்டையோ நீள்வட்டம். இடம் இருந்தாலும் நுழையாது.

"வயரை வெட்டிட்டு வாலை மட்டும் விட்டு வெச்சிருக்கான். இதுக்குப் பேர் வயர்லெஸ்ஸா?" என்றார் சின்னவர். தோற்றவர் குரலில் இவ்வளவு திருப்தி இருக்கக் கூடாது.

அடுத்து வந்தது ரிசீவர் இல்லாத மவுஸ். ப்ளூடூத். எதையும் செருக வேண்டாம், லேப்டாப்பே அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிடித்தும் கொண்டது. சின்னவர் அதைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், முன்பக்கத்தில் ஒரு நீள்வட்ட ஓட்டையைக் கண்டுபிடித்தார். உள்ளேயே பேட்டரி, அதற்குச் சார்ஜ் போட வேண்டும்.

"ராத்திரி வீட்ல போன் சார்ஜர்ல போட்டு வைங்க மாமா. இது ஒரு விஷயமா?"

"ஒரு நாள் மறந்துட்டா? ஒருத்தர் துக்கத்தோட வந்து உக்காந்திருக்கார். கொஞ்சம் இருங்க, மவுஸுக்குச் சார்ஜ் ஏறட்டும்னு சொல்லச் சொல்றியா?"

அதிலும் நியாயம் இருந்தது. சின்னவரின் சாக்குகளில் இதுதான் சங்கடம், எல்லாவற்றிலும் பாதி நியாயம் இருந்தது. வீட்டில் மனைவி மட்டும் சாப்பாட்டுத் தட்டை வைத்தபடியே சொன்னாள்: "என்னைக் கட்டிக்கறதுக்கு நீங்க இவ்வளவு யோசிக்கலையே."

"அப்ப இந்த வீடியோ எல்லாம் ஏது?" என்றார் சின்னவர். மவுஸ்களைப் பற்றி யார் யாரோ பேசும் வீடியோக்களை அவர் இப்போது சாப்பிடும்போதும் பார்த்தார். எடை, உயரம், உள்ளங்கை வளைவு. உலகத்தில் இவ்வளவு பேர் மவுஸைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல்.

அப்படித்தான் சத்தமில்லாத மவுஸ் கண்ணில் பட்டது. ப்ளூடூத். சார்ஜ் வேண்டாம், ஒரு சாதாரண பேட்டரி போட்டால் மாதக்கணக்கில் ஓடும். முக்கியமாக, அழுத்தினால் டக்கென்ற ஓசையே வராது. துக்க வீட்டில் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்துகிறோம், இதுதான் மரியாதை என்று அவர் உண்மையாகவே நினைத்தார். கம்ப்யூட்டர் சாமான் கடைக்கு முதல்முறையாகத் தானே போய் வாங்கினார்.

மறுநாள் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். மாமியாரின் கல். அளவு வேகமாகச் சொன்னார், எழுத்தை வேகமாகப் படித்தார், மவுஸை வாங்கி அழுத்தினார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. சின்னவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். இன்னும் கொஞ்சம் பலமாக, மூன்றாவது தடவை.

மெஷினை ஓட்டும் மென்பொருளில் ஆரம்பிக்கவும் நிறுத்தவும் ஒரே பொத்தான். முதல் அழுத்தில் மெஷின் கிளம்பியது, இரண்டாவதில் நின்றது, மூன்றாவதில் மறுபடி கிளம்பியது. தடுப்புக்குப் பின்னால் ஊசி இறங்கலாமா வேண்டாமா என்று ஆகாயத்தில் தவித்தது. நல்லவேளை, கல்லைத் தொடவில்லை. சின்னவர் ஓடிப்போய் மெஷினை அணைத்தார்.

"அழுத்தினது தெரியவே இல்லையே சார். நான் டிக்கெட் கிழிச்சாக்கூடச் சத்தம் வருமே" என்றார் கண்டக்டர். பிறகு திரையில் இருந்த பெயரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அவங்களும் இப்படித்தான். ஒரு தடவை சொன்னா கேட்டதில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் எங்கோ திரும்பிவிட்டது. கர்ச்சீப்பைத் தேடினார். கடைக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் சும்மா உட்கார்ந்தார்.

அவர் போன பிறகு சின்னவர் அந்த ஊமை மவுஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். ஒரு காரியம் முடிந்தது என்று அழுத்துபவருக்குக் காதில் கேட்க வேண்டும். பழைய வயர் மவுஸ் எலும்பு முறிகிற மாதிரி டக்கென்று சத்தம் போடும். இத்தனை வருடமும் அந்தச் சத்தம்தான் வேலை செய்திருக்கிறது. அண்ணனுக்கு இது தெரியுமா? தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அதையும் தன் திட்டம் என்று சொல்லியிருப்பார்.

அண்ணன் நினைப்பு வந்ததும் மவுஸை மேசைமேல் வைத்துவிட்டார்.

மாற்றிக்கொள்ளப் போனபோது, கம்ப்யூட்டர் சாமான் கடைப் பெண் அதை வாங்கிக்கொண்டு வேறொன்றை எடுத்தாள். தடிமனாக, அழகில்லாமல், ஒரே பேட்டரியில் ஓடுவது. "இதுவும் ப்ளூடூத்தான் அங்கிள். ஆனா சத்தம் வரும், பரவாயில்லையா?"

"வரணும்."

"அப்புறம், கொஞ்ச நேரம் தொடாம விட்டா தூங்கிடும். பேட்டரி மிச்சம் பண்ண. ஒரு அழுத்து அழுத்தினா முழிச்சுக்கும்."

சின்னவர் அழுத்திப் பார்த்தார். டக். கடையில் இருந்த இன்னொருவர் திரும்பிப் பார்த்தார். செருக வேண்டாம், சார்ஜ் வேண்டாம், சத்தம் வேண்டும். தேடியது அத்தனையும் ஒரே இடத்தில் இருந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது. சொல்வதற்கு ஒரு குறையும் மிச்சமில்லை.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு வாசலில் அண்ணி நின்றார். கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மவுஸ் வந்துடுச்சாமே, தம்பி."

மனைவி போன் செய்திருக்கிறாள். "வந்துடுச்சு அண்ணி. ஆனா..."

"ஆனா?"

"இந்தப் பளபளக் கல்லுமேல அது ஓட மாட்டேங்குது. வழுக்குது. ஒரு ரப்பர் மேட் வாங்கணும்."

"பழைய மேட் டிராயர்ல இருக்கும். உங்க அண்ணன் அதுமேலதான் டீ கிளாஸ் வெப்பார்."

இருந்தது. வட்ட வட்டமாக டீக் கறையோடு. மவுஸ் அதன்மேல் வெண்ணெயாக ஓடியது. சின்னவர் கல்லை மெஷினில் படுக்கவைத்தார், மட்டம் பார்த்தார், மறுபடி மட்டம் பார்த்தார். எழுத்தைத் திறந்தார். திரையை அண்ணி பக்கம் திருப்பினார்.

"இந்த ரெண்டு எழுத்துக்கு நடுவுல இடம் கொஞ்சம் அதிகமோன்னு..."

"மாசக்கணக்கா பாக்கறீங்க. உயிரோட இருந்தப்பகூட அவரை நீங்க இவ்வளவு நேரம் பாத்ததில்ல."

சின்னவர் மவுஸை மேட்டோடு சேர்த்து மேசைக்குக் குறுக்கே தள்ளினார். "படிச்சுட்டு அழுத்துங்க அண்ணி."

அண்ணி படித்தார். தபால் ஆபீஸில் மணியார்டர் படிவத்தைப் பார்ப்பது போல, வரி வரியாக, விரல் வைத்து. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரியா இருக்கு. நீங்க அழுத்துங்க."

"நான் கடைக்காரன் அண்ணி. கடைசிக் க்ளிக் கஸ்டமரோடது. அண்ணன் போட்ட சட்டம்."

"அதான் சொல்றேன். இந்தக் கல்லுக்கு நீங்க கடைக்காரர் இல்ல." அண்ணி எழுந்தார். "நான் ஆஸ்பத்திரியில கூடவே இருந்தேன். சட்டையெல்லாம் எடுத்து மடிச்சுக் குடுத்தேன். வீட்டையே காலி பண்றேன். எனக்கு அவர் போயிட்டார் தம்பி. நீங்கதான் இன்னும் அவரை விடாம எழுத்தை நகத்திக்கிட்டு இருக்கீங்க. எழுந்து இந்தப் பக்கம் வாங்க."

கவுண்ட்டர் குரல் அது. அந்தக் குரலுக்கு மறுபேச்சு பேசி யாரும் தபால்தலை வாங்கியதில்லை. சின்னவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். அண்ணி சுற்றிப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், பிறந்ததிலிருந்தே அங்கே உட்கார்ந்தவர் போல.

இத்தனை வருடத்தில் சின்னவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததும் ஆடியது. ஒரு கால் குட்டை. இதுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்று யோசித்தார். ஆட்டம் தங்களுடையது என்று நினைத்திருப்பார்கள். மேசை விளிம்பு நெஞ்சுவரை வந்தது. இங்கிருந்து மெஷின் தெரியவில்லை. பெயர் மட்டும் தெரிந்தது. நாற்காலியிலிருந்து பார்க்கும்போது அது எழுத்துகளாகவே இருந்தது. எந்த எழுத்துக்கு எவ்வளவு இடம் என்று மட்டும்தான் இதுவரை பார்த்திருக்கிறார். இங்கிருந்து அது அண்ணன்.

அவர் மவுஸைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். சைக்கிள்கள் தெருவில் போயின, வந்தன. அண்ணி அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் கழித்து, வேறு யாருடைய குரலையோ கடன் வாங்கியவர் போலச் சொன்னார்.

"அவசரமே இல்ல. எழுத்து எழுத்தா படிங்க. சரின்னு பட்டா நீங்களே அழுத்துங்க. அழுத்தினப்புறம் எங்க மேல பழி போடக் கூடாது."

சின்னவர் படித்தார். அழுத்தினார். டக்.

ஒன்றும் நடக்கவில்லை. தடுப்புக்குப் பின்னால் சத்தமே இல்லை. அவர் பிடித்து வைத்திருந்த நேரத்தில் மவுஸ் தூங்கிவிட்டிருந்தது. அந்த அழுத்து அதை எழுப்புவதற்கே சரியாகப் போயிற்று. கடைப் பெண் சொன்னது அவருக்கு நினைவில்லை. கண்டக்டர் வந்தபோது ஊசி ஆகாயத்தில் தவித்ததுதான் நினைவுக்கு வந்தது.

"மறுபடி அழுத்தினா நின்னுடும் அண்ணி."

"ஆரம்பிக்கவே இல்லையே தம்பி. எங்க நிக்கறது?"

டக்.

ஊசி இறங்கியது. கல்லில் அது முதலில் தொடும்போது ஒரு கீச்சென்ற ஒலி வரும், பிறகு சீரான உறுமல். ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். ஆனால் அதெல்லாம் தடுப்புக்குப் பின்னால் நின்று, மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டது. பார்க்க முடியாமல் கேட்கும்போது அது அறை முழுவதும் இருந்தது, மேசைக் கல்லின் வழியாக முழங்கைக்கு வந்தது. எழுந்துபோய், ஊசியைக் குளிர்விக்கும் தண்ணீர் சரியாக விழுகிறதா என்று பார்க்கலாம். எழுந்திருக்கத் தோன்றவில்லை. கைகள் இரண்டும் திடீரென்று எதற்கென்றே தெரியாமல் மேசைமேல் கிடந்தன.

"அண்ணி," என்றார், "இப்ப நான் என்ன பண்ணணும்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. சிரிப்பு வந்தது. சிரிப்பதற்குத் தடுப்புக்குப் பின்னால் போக வழியில்லை; அதற்கு அண்ணியைத் தாண்டிப் போக வேண்டும். அங்கேயே, ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, முகத்தை மறைக்காமல் சிரித்தார். அது வெகுநேரம் சிரிப்பாகவே இருக்கவில்லை.

அண்ணி அவரைப் பார்க்காததுபோல் கைப்பையை அவர் பக்கம் தள்ளினார். கர்ச்சீப் மேலேயே இருந்தது.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்," என்றார். "உக்காருங்க. டீ சொல்றேன்."